கல்லில் வேகும் நேரம்

தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தக் கடைப்பெண். ஜப்பானிய மொழியில்தான் சொன்னாள். இனிகோவுக்கு ஓர் எழுத்துகூட விளங்கவில்லை, ஆனாலும் இரண்டு உள்ளங்கைகளையும் மாவுக்கு மேலே விரித்து, குஞ்சுகளை மூடுகிற கோழியைப்போல ஒரு தடவை காட்டிவிட்டுப் போனதிலேயே பாதி விளங்கிவிட்டது. மீதியை எதிரே இருந்த பெனிட்டா சொன்னாள். "அவங்களே வந்து பெரட்டிப் போடுவாங்க. அதுவரைக்கும் நாம கை வைக்கக் கூடாது. பதினஞ்சு நிமிஷம் ஆகும்ல. பேசாம இரு." பேசாமல் இருப்பதற்கு இனிகோவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேசையின் நடுவிலேயே இரும்புக் கல் பதித்திருந்தார்கள், தோசைக்கல்லை நீளவாக்கில் இழுத்து மேசையாக்கியதுபோல. அதன்மேல் முட்டைக்கோசும் மாவும் முட்டையும் கணவாய்த் துண்டுகளுமாக ஓர் அடை, இரண்டு விரல் தடிமனில், மெல்லப் பொருமிக்கொண்டு கிடந்தது. ஒகோனோமியாக்கி என்று இதற்குப் பேராம். ஓசகாவுக்கு வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போனால் ஊர் மன்னிக்காது என்று பெனிட்டா போனில் நாலு வருஷமாகச் சொல்லிவந்தது இதைத்தான். நாலு வருஷம் போனில் பார்த்த முகம் இப்போது ஒரு முழத் தொலைவில், ஆவிக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. ஆவி எழுந்தால் கலங்குகிறது, அடங்கினால் தெளிகிறது. நெட் சரியில்லாத இரவுகளில் திரையில் இப்படித்தான் கலங்கிக் கலங்கித் தெளியும். அப்போதெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவான். இங்கே எங்கே ஓடுவது? சுவர்க் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. அவள் ஐந்தரைக்கு எழுந்தால்தான் ரயிலைப் பிடித்து ஆறு மணி டியூட்டிக்குப் போய்ச் சேரமுடியும். முக்கால் மணி நேரம். அதில் இந்த அடைக்குப் பதினைந்து நிமிஷம் போனால், மிச்சம் அரைமணி. காலையிலிருந்து சேர்ந்து ஊர் சுற்றியும் கேட்கவில்லை, இனி அதற்குள் கேட்டுவிடவேண்டும்.

கேட்கவேண்டியது ஒரே ஒரு சொல். வந்துரு. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி இந்த ஊர் விடுதி அறையிலிருந்து போனில் பேசியபோது அவளாகவே வழி திறந்துவிட்டாள். அவள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பேப்பர் கொடுத்திருக்கிறார்களாம். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, பரீட்சையும் பாஸாகிவிட்டாள், இனி விரும்புகிற வரைக்கும் இந்த நாட்டில் இருக்கலாம். இருப்பதானால் கையெழுத்து, போவதானால் வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடலாம். "நாளைக்கு ஆறு மணிக்கு டியூட்டிக்குப் போகும்போது குடுக்கணும்ல. கடைசி நாள் அதான்," என்றாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்த அந்த நேரத்தில் ஒரு லாரியே திரும்பியிருக்கும். அவன் என்ன சொன்னான்? "சரி" என்றான். சரி! நினைக்க நினைக்க இப்போதும் பல் கூசுகிறது. எதற்குச் சரி, யாருக்குச் சரி. அந்தப் பேப்பர் இப்போது அவளுடைய பையில் இருக்கும். பை மேசைக்கடியில் ஒரு பிரம்புக் கூடையில் இருக்கிறது. இங்கே பையைத் தரையில் வைக்கவிடுவதில்லை, பைக்கென்றே ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு கூடை வைத்திருக்கிறார்கள், ராஜ மரியாதை. அவனுடைய பூட்ஸிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. தெரியாத்தனமாக உதைத்துவிடக் கூடாதே என்று காலை மடக்கி நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணுக்கால் மரத்துவந்தது. கையெழுத்துப் போட்டிருப்பாளா? போட்டு வைத்துக்கொண்டு, நான் கேட்டால் கிழித்துவிடலாம் என்று இருப்பாளா? போடாமல் வைத்துக்கொண்டு, நான் கேட்காவிட்டால் ரயிலில் வைத்துப் போடலாம் என்று இருப்பாளா? எந்தப் பக்கம் சுற்றிப்போனாலும் 'நான் கேட்டால்' என்கிற முட்டுச்சந்தில் வந்து நின்றது.

காலையில் ஸ்டேஷனில் நடந்ததை நினைக்கவேண்டாம் என்று நினைத்தான். ஆனால் அந்த நினைப்பு தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி, விழுங்கவும் வராமல் துப்பவும் வராமல் கிடந்தது. நம்பா ஸ்டேஷன் வாசலில் அவள் வந்தாள். குட்டையாக வெட்டிய முடி, சாம்பல் நிறக் கோட்டு. வந்து நின்று சிரித்தாள். அவனுடைய காலரில் ஒரு நூல் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. கையை நீட்டினாள், நீட்டின கை பாதியிலேயே நின்றது. தலையை லேசாகச் சாய்த்து, ஜப்பானிய மொழியில் இரண்டு சொல் சொன்னாள். அப்புறம்தான் நூலை எடுத்தாள். "என்ன பிள்ள சொன்ன?" என்று கேட்டான். "அதுவா... தொடப்போறேன், மன்னிச்சிக்கங்கன்னு அர்த்தம். வேலையில யாரத் தொட்டாலும் சொல்லிட்டுத்தான் தொடணும்ல. போர்வைய வெலக்கணும்னாலும் சொல்லணும். வாயில பழகிப்போச்சு" என்று அவளே சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அவன் யோசித்தது வேறு. டியூஷனில் பின்பெஞ்சிலிருந்து அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்து, "ஏல, கணக்கக் காட்டுல" என்று கேட்டவள் இவள். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில், ராட்டினத்துக்குப் பயந்து நின்றவனைச் சட்டைக்காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் ஏற்றிவிட்டவள். அதே காலர்தான். அன்றைக்கு எந்த மன்னிப்பும் கேட்கவில்லை, பொத்தானே பிய்ந்து போயிற்று. பிய்ந்த பொத்தானுக்கு இருந்த உரிமை இந்த நூலுக்கு இல்லாமல் போய்விட்டதே. யாரோ ஆகிவிட்டேனா நான்? இல்லை, நான் யாரோ இல்லை, மரியாதைக்குத்தானே சொன்னாள், வாயில் பழகிப்போச்சு என்றாளே. வாயில் பழகியது கையிலும் பழகிவிட்டதே, கை நின்றதே. கை நின்றதை நான் பார்த்தேனே.

"என்னல அப்படிப் பாக்க? எரிஞ்சிராது," என்றாள் பெனிட்டா. அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. கணவாயப் பாத்தேன்." "கணவாய்க்கு என்ன?" "ரெண்டு தடவ ஐஸ் கண்டது இது." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ சாமி, கடைக்காரன் காதுல விழுந்துரப் போவுது. தூத்துக்குடியில இருந்து இன்ஸ்பெக்டர் வந்திருக்காருன்னு ஓடிருவான்." அது உண்மைதான், அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். கம்பெனியில் முதலில் அவனைக் கடற்கரை ஏலத்துக்குத்தான் அனுப்பினார்கள். நூறு தொண்டைகள் கத்துகிற இடத்தில் அவன் விலை சொன்னது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. ஒரு மாசத்தில் முதலாளி மோத்தா, "தம்பி, நீ உள்ள ஐஸ் ரூம்ல இரு, அங்க மீனு பேசாது" என்று உள்ளே அனுப்பிவிட்டார். அங்கே கணவாயைத் தொட்டே வயது சொல்வான். தோலின் புள்ளிகள் விரல் பட்டதும் சுருங்கி விரிந்தால் காலையில் பிடித்தது. விரியாவிட்டால் நேற்று. அந்தத் தொடுதல்தான் அவனை இங்கே வரை கொண்டுவந்தது, இரண்டு நாள் கண்காட்சியில் ஜப்பான்காரர்களுக்குத் தரம் பிரித்துக் காட்டுவதற்காக. "உங்க மோத்தா சார் எங்க?" "ரூம்ல தூங்குறாரு. ராத்திரி முழிக்கணுமாம். ஓசகா ராத்திரியப் பாக்காமப் போனா செலவழிச்ச டிக்கெட்டு தண்டமாம்." "நீயும் போகப்போறியா?" "அவரு கூப்பிட்டா போவணும்லா." "போ, போ. பாலத்துல நின்னு கூட்டத்தோட ஒரு போட்டோ எடுத்து எங்கம்மைக்கு அனுப்பு, ஒம் மவன் மாதிரி இருந்த பயல் கெட்டுப்போனான்னு தெரியட்டும்." மகன் மாதிரி. மருமகன் மாதிரி என்றா சொல்லமுடியும்? தெருவுக்கே தெரிந்த விஷயத்தை அவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே கால்வாய் தெரிந்தது. அதன் மறுகரையில் ஆளுயரத்துக்கு ஒரு பேய்க்கணவாய்ப் பொம்மை, எட்டுக் காலாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு. ஊரில் வலையில் ஏறினால் தூண்டில் இரைக்கென்று தூக்கி ஓரம் போடுகிற சாதி, இங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் மாசம், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, பிறகு தண்ணீருக்குள்ளேயும் சிவப்பு, பச்சை. கீழே தெருவில் சனம் திரளத் தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் பொழுது இனிமேல்தான் ஆரம்பம். இவர்களுக்கு மட்டும் முடியப்போகிறது.

கேள்லே. இப்போதே கேள். அவன் தொண்டையைச் செருமினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, காத்திருக்கிற மாதிரி. அதுவே அவன் வாயை அடைத்தது. "ஒங்க இல்லத்து நகானோ அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டான். அவள் பார்வையைக் கல்லுக்கு இறக்கினாள். "இருக்காங்க. தொண்ணூத்தி ரெண்டு ஆயிட்டு. சாயங்காலம் நான் போயி கையப் பிடிச்சாத்தான் தூங்குவாங்க. வேற ஆளு பிடிச்சா கண்ணத் திறந்துருவாங்க." சொல்லும்போது அவள் வலதுகை, தானறியாமல், மேசைமேல் மல்லாந்து விரிந்தது. அந்தக் கைக்குள் ஒரு கிழவியின் கை இருப்பதை அவன் பார்த்தான். பொறாமைப்பட்டான். தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவிமேல் பொறாமைப்படுகிற ஒருத்தனை இந்த ஊர் பார்த்திருக்குமா? ஆறு மணிக்கு அந்தக் கை அங்கே போய்விடும், கேட்டுக்கொண்டு, மன்னிப்புச் சொல்லிக்கொண்டு. எனக்கு என்ன வைத்திருக்கிறேன் நான், அவளைக் கூப்பிட? கேட்டு அவள் மாட்டேன் என்றால் அது ஒரு பயம். அது பழகின பயம், நாலு வருஷமாகக் கூடவே படுத்து எழுந்திருக்கிறது. கேட்டு அவள் சரி என்றால்? அதை அவன் இதுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததே இல்லை. சரி என்றால் அவள் வருவாள், பெட்டியை இறக்குவாள், அம்மையும் இரண்டு தம்பிகளும் இருக்கிற அந்த மூன்று அறை வீட்டில் ஒரு மூலையில் அந்தப் பெட்டி நிற்கும். ஒரு நாள் கரண்ட் போன மத்தியானத்தில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்கமாட்டான், கேட்காமலே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் ரயிலடியில் அவளை வழியனுப்பினபோதும் இப்படித்தான், எல்லாம் தெரிந்தே நின்றான். வண்டி நகரத் தொடங்கிவிட்டது, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள், சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது, வாயைத் திறந்தான், "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்று கேட்டான். எடுத்துட்டேன் என்று அவள் தலையாட்டினது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கோடு போய்விட்டது. இடையில் ஒரே ஒரு தடவை, பத்து நாள் லீவில் வந்தாள். பத்து நாளும் பத்துப் பேர் கூட இருந்தார்கள். பதினோராவது நாள் அவள் இல்லை.

கல்லில் சத்தம் மாறிவிட்டது. முதலில் சளசளவென்று ஈரமாகக் கேட்டது இப்போது காய்ந்து, சன்னமாகி, விளிம்பில் ஒரு பொன்னிறக் கோடு ஓடியது. மணம் வந்தது. அந்த மணம் அவனுக்குத் தெரியும், முறுகுகிற மணம். அதற்கடுத்து கருகுகிற மணம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். அம்மைக்குக் கால் முறிந்து கிடந்த ஆறு மாசமும் வீட்டில் தோசை சுட்டது அவன்தான். அந்த நேரத்தை மூக்கு தானே கணக்குப்பார்க்கும். கேட்கவேண்டும், கடிகாரம் ஐந்தாகப் போகிறது. அந்தப் பெண் ஏன் இன்னும் வரவில்லை? கேட்டுவிடு, கேட்டால் என்ன? கருகப்போகிறது. பெனிட்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுடைய காதோரம் கம்மல் இல்லாத துளை மட்டும் தெரிகிறது. வேலையில் போடக்கூடாதாம். அந்தத் துளை தூர்ந்துபோய்விடுமா? கருகுகிறது. வந்துரு. கருகுகிறது. வாய் அசையவில்லை, கை அசைந்துவிட்டது. மேசையோரத்தில் இருந்த தட்டையான கரண்டியை எடுத்து, அடியில் ஒரே செருகாகச் செருகி, மணிக்கட்டைத் திருப்பி, தோசையைப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டான். தோசை என்றால் புரண்டிருக்கும். இது இரண்டு விரல் தடிமன், உள்ளே வேகாத மாவு. பாதி காற்றில் நின்று, நடுவில் பிளந்து, முட்டைக்கோசு ஒரு பக்கமும் கணவாய் ஒரு பக்கமுமாகச் சிதறி, ஒரு துண்டு பெனிட்டாவின் கோட்டுக் கையில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏல!" என்றாள் அவள்.

கடைப்பெண் ஓடிவந்தாள். அவனுக்குக் காது மடல்கள் எரிந்தன. திட்டப்போகிறாள் என்று கரண்டியைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்தான், அவளிடமே நீட்டினான். அந்தப் பெண் இடுப்பு வரைக்கும் குனிந்தாள். ஏதோ சொன்னாள், திரும்பக் குனிந்தாள். "என்ன சொல்லுதாங்க?" "மன்னிப்புக் கேக்காங்க." "எதுக்கு?" "நேரத்துக்கு வந்து பெரட்டாம உங்களக் காத்திருக்க வச்சிட்டேன்னு." "நாந்தானே பிச்சிப்போட்டேன்! நான் செஞ்சேன்னு சொல்லு பிள்ள." பெனிட்டா சொல்லத் தொடங்கினாள், முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தாத சிரிப்பு, மூக்கில் ஒரு இழுப்போடு, பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டிக்கொண்டு, அவள் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்லைச் சுரண்டித் துடைத்து, எண்ணெய் தடவி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல், புதிதாக ஒரு கிண்ணம் மாவைக் கொண்டுவந்து வட்டமாக ஊற்றிவிட்டுப் போனாள். இந்தத் தடவை இரண்டு கரண்டிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "இன்னும் பதினஞ்சு நிமிஷம்," என்றாள் பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "என்னய்யா அவசரம் உனக்கு? எதுக்குமே அவசரப்படாத ஆளு." சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது. கல்லில் ஈரச்சத்தம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"அந்தப் பேப்பர்," என்றான் இனிகோ. குரல் எப்போதும்போல அடியில் கிடந்தது. ஆனால் வெளியே வந்துவிட்டது. "பையிலயா இருக்கு?" அவள் தலையசைத்தாள், இல்லையென்று. "காலையிலேயே குடுத்துட்டேன்." "காலையிலயா?" "ஒன்னப் பாக்க ஸ்டேஷனுக்கு வாரதுக்கு முன்னால. ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாப் போயி." "கையெழுத்துப் போட்டா?" "போட்டுத்தான்." கூடையில் இருந்த பை, காலை மடக்கிக்கொண்டு இவ்வளவு நேரமாக அவன் காவல் காத்த பை, அதில் ஒன்றும் இல்லை, வெறும் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கும். "அப்ப நேத்து எதுக்குப் பிள்ள எங்கிட்ட..." என்று தொடங்கினான். "நேத்து போடல. நேத்து நெசமாவே போடல," என்றாள் அவள். கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரின்னு சொல்லிட்டு வச்சிட்ட. ராத்திரி பூரா யோசிச்சேன். நீ எதுத்தாப்புல வந்து உக்காந்து கேட்டுட்டன்னா என்னால போட முடியாது, இனிகோ. எனக்கு என்னப் பத்தித் தெரியும். நீ கேக்காட்டா, கேக்கலியேன்னு அழுதுக்கிட்டுப் போடணும். ரெண்டும் வேண்டாம்னு முதல்லயே குடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குல. அதச் சொல்லவும் பயமா இருந்துச்சு."

அவன் காலை நீட்டினான். மரத்துப்போன கணுக்காலில் ரத்தம் எறும்பு எறும்பாக ஏறியது. வலிக்கும் என்று பார்த்தான். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அதற்கும் மேலே வேறொன்று இருந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. ஸ்டேஷனில் அவள் கை நடுவழியில் நின்றபோதே முடிந்திருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. இனி ஜெயிக்க ஒன்றும் இல்லை, தோற்கவும் ஒன்றும் இல்லை. மாட்டேன் என்கிற பயமும் சரி என்கிற பயமும் ஒன்றாக எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டன. உள்ளே அந்த ஒரு சொல் மட்டும் தனியாக இருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சுற்றி யாரும் இல்லை.

"வந்துரு, பெனி," என்றான். "எனக்கு நீ இல்லாம இருக்க முடியல. வந்துரு."

சொன்னதும் அவனே திடுக்கிட்டான். பயன் இல்லாத நேரத்தில் சொன்ன சொல், ஆனாலும் எவ்வளவு லேசாக இருந்தது. ஆவி பெனிட்டாவின் முகத்துக்குக் குறுக்கே ஏறி, விலகி, ஏறியது. வெளியே பாலத்தில் யாரோ கூட்டமாகக் கத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள், ஐந்து அடித்து எட்டு நிமிஷம். பிறகு இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றி, அவன் பேசுவது யாருக்கும் கேட்காது என்று தெரிந்தவள்போல, கல்லின் சூடு முகத்தில் அடிக்க, நன்றாக முன்னால் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.